கிணற்றின் வரிசை தவறிய இடங்கள்: எண்ணெய்த் துரப்பணத் தொடர் ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் மாவட்டத்துப் பெருங்குளத்தில் என் அக்கா வீட்டுத் திண்ணையில் ஆடி மாதத்து மாலையொன்றில் உட்கார்ந்திருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, கேஸ் நாத்தம் நின்னுபோச்சுன்னா ஆபத்து முடிஞ்சுருச்சுன்னுதானே அர்த்தம்?" எங்கே படித்தாய் என்று கேட்டேன். படிக்கவில்லை, முந்தின நாள் நாடகத்தில் பார்த்தேன் என்றான். எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நிலத்தைத் துளையிடும் துரப்பண ரிக்குகளில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அவன் எதிர்பார்த்த பதில் 'ஆமாம்' என்பது. உண்மையான பதில் அதற்கு நேர் எதிரானது. பெருங்குளம், வாலாந்தரவை, பெரியபட்டினம், காஞ்சிரங்குடி என்று எரிவாயுக் கிணறுகள் அமைந்த ஊர்களின் நடுவே வளரும் பிள்ளை அவன். இங்கே கிடைக்கும் எரிவாயுவைக் கொண்டுதான் வழுதூர் மின்நிலையம் ஓடுகிறது. தவறான பதிலோடு அவன் வளரக் கூடாது என்ற எண்ணமே இந்த ஆய்வுக்குத் தொடக்கம்.

அவன் பார்த்த அந்தத் தொடரின் பெயரையும் அதை ஒளிபரப்பிய தொலைக்காட்சியின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. முதல் 30 பகுதிகளை இரண்டு முறை பார்த்து, 43 குறிப்புகள் எழுதினேன். படப்பிடிப்புக்குத் தம் தோப்பு வீட்டை வாடகைக்குக் கொடுத்திருந்த நண்பர் ஒருவரின் வழியாக அக்குறிப்புகள் தயாரிப்புக் குழுவின் கைக்குப் போயின. மறு ஒளிபரப்புக்காகத் தொடரைச் சுருக்கித் தொகுத்துக்கொண்டிருந்த நேரம் என்பதால், குழுவினர் என்னை அழைத்துப் பேசினார்கள். அந்தப் பேச்சில் தெரியவந்த காரணங்களும் கீழே வருகின்றன.

பனங்காட்டு விவசாயி ஒருவருடைய நிலத்தில் எண்ணெய் கிடைக்கிறது. அவருடைய மகன் ரிக்கில் வேலைக்குச் சேருகிறான். பகை, காதல், கடலில் ஒரு விபத்து, இறுதியில் கிணற்றில் தீ. கதை 2012லும் இன்றைய காலத்திலுமாக மாறி மாறி நகர்கிறது. கதையில் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அப்பாவாக நடித்தவர் பனை ஏறும் காட்சியில் எனக்குக் கண் கலங்கியது. ஒரே சட்டை இரண்டு காட்சிகளில் நிறம் மாறுவது போன்றவற்றைக் காட்சித் தொடர்ச்சிப் பிழை என்றும், எரிவாயுவின் குணத்தைத் தவறாகச் சொல்வது போன்றவற்றைத் தகவல் பிழை என்றும் பொதுவாகப் பிரிப்பார்கள். இந்தத் தொடரில் அப்படிப் பிரிக்க முயன்று நான் தோற்றேன். துரப்பணக் கிணறு என்பதே ஒரு வரிசைதான். எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் அதன் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. ஆகவே கிணற்றைக் காட்டும்போது காட்சியின் வரிசை தவறினால் அங்கே தகவலும் தவறிவிடுகிறது.

காற்றும் கடலும்

எளிதானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 2012இல் நடப்பதாக எழுத்துப் போட்ட காட்சியில், வானிலிருந்து எடுத்த பாம்பன் படத்தில் புதிய ரயில் பாலத்தின் தூக்குக் கோபுரங்கள் தெளிவாகத் தெரிகின்றன. அந்தப் பாலம் திறக்கப்பட்டது 2025 ஏப்ரலில். 2012இல் அங்கே இருந்த ரயில் பாலம் 1914ஆம் ஆண்டின் பழைய பாலம் மட்டுமே. தேவிபட்டினத்துக் கரையில் காதலர்கள் பேசும் காட்சியில் சூரியன் கடலுக்குள் மறைகிறது. தேவிபட்டினத்தில் கடல் கிழக்கே இருக்கிறது.

கடலில் துளையிடும் பகுதிகளில் பிழை கொஞ்சம் கனமானது. பாக் நீரிணையில் நிற்பதாகச் சொல்லப்படும் கலம், ஆழ்கடலுக்கான துரப்பணக் கப்பல். "கீழே ரெண்டாயிரம் மீட்டர் தண்ணி" என்று வசனமும் வருகிறது. பெண் கடல் என்று நாங்கள் சொல்லும் இந்தப் பாக் கடற்பகுதியின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. அங்கே துளையிடுவதாக இருந்தால் கால்களைத் தரையில் ஊன்றி மேடையை உயர்த்திக்கொள்ளும் ஜாக்கப் வகை ரிக்கைக் காட்டியிருக்க வேண்டும். ஆண் கடல் எனப்படும் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தீவு ஒன்றில் ரிக் ஆட்கள் இறங்கிச் சமைத்துச் சாப்பிடுவதாகவும் ஒரு காட்சி உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை. நம் மீனவர்களே காலெடுத்து வைக்க முடியாத இடத்தில் அடுப்பு மூட்டுவதைச் சாதாரணமாகக் காட்டியது எனக்கு வருத்தமாக இருந்தது.

காற்றைப் பற்றிய பிழையைக் கண்டுபிடித்தவன் நானல்லன். மண்டபத்தில் நாட்டுப்படகு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னுடன் சில பகுதிகளைப் பார்த்தார். ரிக்கின் தீக்குழியில் எரிவாயு எரியும் காட்சி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, கதைல இது ஆடி மாசந்தானே? ஆடியில கச்சான்ல அடிக்கும். தீ என்ன மேக்க சாயுது?" என்றார். கச்சான் என்பது மேற்கிலிருந்து வரும் காற்று. மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். மறையும் சூரியன் இருக்கும் பக்கமாகவே தீயின் நாக்கு வளைந்திருந்தது. அதாவது காற்று கிழக்கிலிருந்து வருகிறது. படப்பிடிப்பு நடந்தது கார்த்திகையில், கொண்டல் என்னும் கிழக்குக் காற்று வீசும் காலத்தில் என்று பிறகு தெரிந்தது. அடுத்த காட்சியில் அதே ரிக்கின் காற்றுத் திசைப்பை கிழக்கு நோக்கிப் பறக்கிறது. பார்வையாளருக்கு இது சிறு விஷயமாகத் தோன்றலாம். ரிக்கில் காலடி வைக்கும் எவரும் முதலில் நிமிர்ந்து பார்ப்பது அந்தத் துணிப்பையைத்தான், ஏனென்றால் வாயு கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை அதுதான் சொல்லும். இந்தக் குறிப்பு பின்னால் மீண்டும் தேவைப்படும்.

கிணறு தன் வரிசையை எழுதி வைக்கிறது

துரப்பணக் கிணறு மேலே அகலமாகவும் கீழே போகப்போகக் குறுகலாகவும் இறங்கும். பல கிணறுகளில் காணும் ஒரு வரிசையைச் சொல்கிறேன்: பிட் எனப்படும் 26 அங்குலத் துளையிடும் முனையால் துளையிட்டு, கேசிங் எனப்படும் 20 அங்குலக் காப்புக் குழாயை இறக்கிச் சிமெண்ட் போடுவார்கள்; அதற்குள் 17½ அங்குல பிட், 13⅜ அங்குலக் கேசிங்; பிறகு 12¼ அங்குல பிட், 9⅝ அங்குலக் கேசிங்; கடைசியில் 8½ அங்குலம். முந்தைய குழாய்க்குள் நுழையக்கூடியதே அடுத்து இறங்க முடியும். தொடரின் 11ஆம் பகுதியில் நாயகன் கையில் தூக்கிக் காட்டும் பிட் உள்ளங்கை இரண்டும் சேர்ந்த அளவில் இருக்கிறது. 14ஆம் பகுதியில் இன்னும் ஆயிரம் மீட்டர் ஆழம் போன பிறகு, நாலு பேர் உருட்டிக்கொண்டு வரும் பெரிய பிட் கிணற்றுக்குள் இறங்குகிறது. அது அங்கே நுழையவே நுழையாது.

மேல் அடுக்குக் கேசிங்கைச் சிமெண்டோடு நிறுத்துவது நிலத்தடி நீரைக் கிணற்றிலிருந்து பிரித்து வைப்பதற்கும்தான். உப்பு கலந்த நீரோடு போராடும் இந்த மாவட்டத்தில் எந்தத் துளையைப் பற்றியும் மக்கள் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். 30 பகுதிகளில் ஒரு முறைகூடச் சிமெண்ட் போடும் வேலை காட்டப்படவில்லை. அந்தக் கேசிங்கின் தலையில்தான் பிஓபி எனப்படும் அடைப்புக் கருவி ஏற்றப்படும். கிணறு கட்டுமீறினால் வாயை மூடுவது அதுதான். 9ஆம் பகுதியில் ரிக் தளத்துக்குக் கீழே கருவி நிற்கிறது. 10ஆம் பகுதியில் அந்த இடம் வெறுமையாக இருக்க, நாயகனும் தோழனும் அங்கே நின்று பேசுகிறார்கள். 12ஆம் பகுதியில் மறுபடியும் நிற்கிறது. வேறு வேறு நாட்களில், வேறு வேறு ரிக்குகளில் எடுத்த காட்சிகளை ஒட்டியதன் விளைவு இது. ஒரே ரிக், குழாயைச் சுழற்ற ஓரிடத்தில் பழைய முறையான கெல்லியும் சுழல் மேசையுமாகவும், இன்னோரிடத்தில் மேலிருந்து சுழற்றும் டாப் டிரைவுடனும் ஓடுவதற்கும் அதுவே காரணம்.

டெரிக் எனப்படும் ரிக் கோபுரத்தில் நிற்கும் குழாய்களை எண்ணத் தெரிந்தவருக்குக் கிணற்றின் நிலை தெரிந்துவிடும். மூன்று குழாய்கள் சேர்ந்தது ஒரு ஸ்டாண்டு, சுமார் 28 மீட்டர். 2,800 மீட்டர் ஆழத்திலிருந்து பிட்டை மாற்ற மேலே எடுத்தால், ஏறக்குறைய 100 ஸ்டாண்டுகள் டெரிக்கில் சாய்ந்து நிற்க வேண்டும். தொடரில் பிட் வெளியே வந்துவிட்டது, டெரிக்கோ காலியாக இருக்கிறது. பல மணி நேர வேலையை ஐந்து நிமிடத்தில் காட்டுவதை நான் பிழையாக எண்ணவில்லை. கதைக்கு அந்த உரிமை உண்டு. அத்தனை குழாயும் எங்கே போயிற்று என்பதற்கு மட்டும் படத்தில் பதில் இருக்க வேண்டும்.

43 குறிப்புகளில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது 16ஆம் பகுதியின் ஒரு காட்சி. துரப்பணக் குழாய் சுற்றுகிறது. ஏதோ உறுத்தியது, ஆனால் என்னவென்று உடனே பிடிபடவில்லை. மேலிருந்து பார்த்தால் குழாய் எப்போதும் வலஞ்சுழியாகத்தான் சுற்றும். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அவர் முன்னால் இருக்கும் முகம் வலமிருந்து இடமாக நகரும். இங்கே இடமிருந்து வலமாக நகர்ந்தது. குழாய்களின் மரைகள் வலது மரைகள். துளையிடும்போது இடஞ்சுழியாகச் சுற்றினால் அவை கழன்று, கழன்ற இடத்துக்குக் கீழுள்ள குழாய்கள் கிணற்றுக்குள் விழுந்துவிடக்கூடும். அப்புறம் நாயகனுடைய சட்டைப் பையைப் பார்த்தேன்: முந்தின காட்சியில் இடது மார்பில் இருந்த பை வலது மார்புக்குப் போயிருந்தது. காட்சியைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது படத்தொகுப்பாளர் உடனே ஒப்புக்கொண்டார். எதிரே நிற்பவரை நாயகன் பார்க்கும் திசை அடுத்தடுத்த காட்சிகளில் பொருந்தாமல் போனதால் படத்தைத் திருப்பினாராம். பார்வைத் தொடர்ச்சிக்காகச் செய்த அந்தத் திருத்தம் கிணற்றின் தொடர்ச்சியை உடைத்துவிட்டது. அவர் தம் தொழிலில் அக்கறையுள்ளவர் என்பதற்கும் இதுவே சான்று; அருகில் ரிக் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் வேறு வழி தேடியிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விபத்தில்லாமல் கழிந்த நாட்களை எழுதும் பலகை ரிக் வாசலில் இருக்கும். 18ஆம் பகுதியில் அதில் 212 என்றிருக்கிறது. அன்று ஒரு தொழிலாளியின் கை நசுங்குகிறது. மறுநாள் 213 என்றிருக்கிறது. அந்த எண் சுழியத்துக்கு இறங்கும் காலையில் ரிக்கில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார்கள். அந்தக் காலையை எழுதியிருந்தால், அடுத்து வரும் சண்டைக் காட்சியைவிட அது வலுவாக அமைந்திருக்கும்.

மட், அழுத்தம், பீறிடல்

தொடரில் வெற்றி என்பது கருப்பு எண்ணெய் வானத்துக்குப் பீறிட்டு எழுவதும், தொழிலாளர்கள் அதில் நனைந்து ஆடுவதுமாகும். இந்தப் பகுதியில் கிடைப்பது பெரும்பாலும் எரிவாயு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அப்படிப் பீறிடுவது வெற்றியன்று. கிணறு கையை விட்டுப் போனதன் அடையாளம். டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப் கிணறு 1901 ஜனவரியில் பீறிட்டபோது ஒன்பது நாள் அடக்க முடியவில்லை. அடைப்புக் கருவி 1922இல் உருவான பிறகு, அந்தக் காட்சி வராமல் தடுப்பதே துரப்பணத் தொழிலின் குறிக்கோளாயிற்று.

தடுப்பது எப்படி என்றால், மட் எனப்படும் சேற்றின் எடையால். 3,000 மீட்டர் ஆழத்தில், தண்ணீரைவிட 1.2 மடங்கு அடர்த்தியான மட் நிறைந்திருந்தால், அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 360 கிலோ அழுத்தம் இருக்கும். பாறையிலுள்ள வாயுவின் அழுத்தம் 375 என்றால் வாயு உள்ளே வரும். பாரைட் என்னும் கனமான தாதுப் பொடியைக் கலந்து அடர்த்தியை 1.25க்கு மேல் ஏற்றினால் நிற்கும். 21ஆம் பகுதியில் வாயு நுழைந்ததும் நாயகன் "மட்டைக் குறைங்க, கேஸுக்கு வழி விடுங்க" என்று கத்துகிறான், எல்லோரும் கைதட்டுகிறார்கள். வழி விட்டால் நேரும் விளைவு என்ன என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 1995 ஜனவரியில் ஆந்திரத்தின் பசர்லபூடியில் வெடித்த கிணறு இரண்டு மாதத்துக்கும் மேல் எரிந்தது. அசாமின் பாக்ஜானில் 2020 மே 27இல் கட்டுமீறிய கிணறு ஜூன் 9இல் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். நவம்பரில்தான் அதை அடக்க முடிந்தது. தொடரில் நாயகன் ஒரே இரவில் தீயை அணைக்கிறான்.

ஆபத்தின் முதல் அறிகுறியையும் தொடர் தவறாகக் காட்டுகிறது. தரை அதிர்கிறது, முள் துள்ளுகிறது, மணி அலறுகிறது. உண்மையில் அது சத்தம் போடாமல் வரும். மட் தொட்டியின் மட்டம் மெல்ல உயரும்; பம்பை நிறுத்திய பிறகும் கிணற்றிலிருந்து மட் வழிந்துகொண்டிருக்கும். இரவு மூன்று மணிக்குத் தொட்டியோரம் நின்று அந்தச் சிறு உயர்வைக் கவனிக்கும் இளைஞனே பல பேருடைய உயிரைக் காப்பவன். அவனுக்குத் தொடரில் பாத்திரமே இல்லை.

வாயுவும் வாசமும்

அக்கா மகனின் கேள்வி 23ஆம் பகுதியிலிருந்து வந்தது. கிணற்றிலிருந்து வாயு கசிகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்கிறார்கள். நாயகன் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாராமலே நான்கு பேரைக் காய்ந்த கண்மாய்க்குள் இறக்கிக் கூட்டிப்போகிறான். சற்று நேரத்தில், "நாத்தம் போயிருச்சு, இனிப் பயமில்ல" என்கிறான். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு உரியது. எல்லாக் கிணற்றிலும் அது இருப்பதில்லை. இருக்கும் இடத்தில் அதைப்போல் கொடியது வேறில்லை. மிகச் சிறிய அளவிலேயே நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றது என்றால் வாயு போய்விட்டது என்று பொருளாகாது. அது பெருகியதாகவும் இருக்கலாம். காற்றைவிடக் கனமானதாகையால் பள்ளத்தில்தான் தேங்கும். காய்ந்த கண்மாய் அதற்குக் கட்டிய தொட்டி போன்றது. ஈரத் துண்டு அதைத் தடுக்காது. சுவாசக் கருவி வேண்டும். ஆக அந்த ஒரே காட்சியில் மூக்கு, துணி, திசை, பள்ளம் என நான்கும் தவறு.

இதற்கு அடியில் மூன்று வாயுக்களைப் பற்றிய குழப்பம் இருக்கிறது. வீட்டுச் சிலிண்டரில் இருக்கும் வாயு, கசிவு தெரிவதற்காக மணமூட்டப்பட்டது; காற்றைவிடக் கனமானது. கிணற்றிலிருந்து வரும் எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன் மணமற்றது, காற்றைவிட இலேசானது. ஹைட்ரஜன் சல்ஃபைடு மூன்றாவது. தொடர் மூன்றையும் 'கேஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. 2025இல் இம்மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்ட செய்தி வெளியாகி, எதிர்ப்பு எழுந்து, அத்திட்டத்தை அனுமதிக்கப்போவதில்லை என்று மாநில அரசு அறிவித்தது. ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் வாதிடும் இந்த மண்ணில், எந்த வாயு எப்படிப்பட்டது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

நிலம் யாருடையது

கதையின் அடித்தளத்தையே தொடும் பிழை ஒன்று உண்டு. தம் நிலத்தில் எண்ணெய் கிடைத்ததால் விவசாயி கோடீஸ்வரராகிறார். அமெரிக்காவில் நிலத்தடிக் கனிம உரிமை தனியாருக்கு இருக்கலாம். டெக்சாஸில் அப்படிப் பணக்காரர் ஆனவர்கள் உண்டு. இந்தியாவில் நிலத்தின் உரிமையாளர் அதன் அடியிலுள்ள பெட்ரோலியத்துக்கு உரிமையாளராவதில்லை. அவருக்குக் கிடைப்பது நிலத்தைப் பயன்படுத்தியதற்கான வாடகையும் இழப்பீடும் மட்டுமே. ராயல்டி, நிலப்பகுதிக் கிணறு என்றால் மாநில அரசுக்கும், கடல் கிணறு என்றால் ஒன்றிய அரசுக்கும் போகும். தினம் பத்தாயிரம் லிட்டர் என்று வசனத்தில் வருவதும் ஒரு பீப்பாய்க்கு 159 லிட்டர் என்ற கணக்கில் சுமார் 63 பீப்பாய்தான். வேற்று நாட்டுக் கதையின் எலும்பின்மேல் நம் ஊர்ச் சதையை வைத்திருக்கிறார்கள். தம் பனங்காட்டைக் கொடுத்துவிட்டு வாடகைப் பணத்துக்காக அலுவலகப் படியேறும் விவசாயியின் கதை, உண்மையானதும் வலியானதுமாக, எழுதப்படாமலே கிடக்கிறது.

திருத்தியவை

மறுதொகுப்பில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்று குழுவினர் வெளிப்படையாகச் சொன்னார்கள். பாலத்தின் படத்தை நீக்கினார்கள். திருப்பிப் போட்ட காட்சியைச் சுருக்கிக் குழாய் தெரியாமல் செய்தார்கள். பீறிடும் எண்ணெயில் ஆடும் காட்சி விளம்பரங்களில் ஏற்கெனவே வந்துவிட்டதால் அப்படியே நின்றது. ஒன்றே ஒன்றைத்தான் மாற்றமுடியும் என்றால் எதை என்று இயக்குநர் கேட்டபோது, 23ஆம் பகுதி என்றேன்.

நாயகனின் வாயைத் துண்டு மறைத்திருந்தது இங்கே உதவிற்று. உதட்டசைவு தெரியாததால் புதிய வசனத்தைப் பேசிச் சேர்க்க முடிந்தது. "நாத்தம் நின்னாலும் நம்பாத. காத்து வர்ற பக்கமா, மேடு பாத்து ஏறு" என்ற வரியை நான் எழுதிக் கொடுத்தேன். கண்மாய்க்குள் இறங்கும் காட்சிக்கு மாற்றாக வைக்கப் படம் கிடைக்கவில்லை. கடைசியில், 3ஆம் பகுதியில் அதே ஆட்கள் கண்மாய்க் கரைமேல் ஏறி ஓடும் காட்சியைப் படத்தொகுப்பாளர் தேடி எடுத்தார். அதில் நாயகன் நீலச் சட்டை போட்டிருக்கிறான். முந்தின காட்சியில் காக்கி. தொடர்ச்சி கெடுகிறதே என்று அவர் தயங்கினார். கெடட்டும், இதை வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பகுதி மறு ஒளிபரப்பான இரவு பெருங்குளத்தில்தான் இருந்தேன். அக்கா மகன் திரையைக் காட்டி, "மாமா, சட்டை மாறிருச்சு பாருங்க" என்றான்.

"மாறிருச்சு. எந்தப் பக்கம் ஓடுறாங்க?"

"கரை மேல."